ஒன்பதாம் நிபந்தனை

ஊதியூர் மருந்தகத்துக் குளிர்பெட்டியில்
ஆட்டுக்கொல்லித் தடுப்பூசிக்கு அக்கட்டால
ஒரு ரத்தக் குப்பி நிற்கிறது.
ஒட்டிய தாளில் என் கையெழுத்து:
பெரிய குதிரை, ஆண், செவலை, பெயர் சில்லறை.
தேதி போன மாசியில்.
அதற்குப் பிறகு நாற்பது முறையாவது
கரண்ட் போய் வந்திருக்கும்.

ரேக்ளாவுக்கு அனுமதி தந்த காகிதத்தில்
பதினேழு நிபந்தனை.
ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். நின்றது.
ஓட்டுநர் பந்தயம் பார்க்க வேப்பமரத்தில் இருந்தார்.
பணம் கட்டி ஆடக் கூடாது என்பது பதினொன்று.
அதை மைக்கில் படித்தவர் பொங்கியண்ணன்.
படித்துவிட்டு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு
"சில்லறைக்கு ஒண்ணுக்குப் பத்து,
ஆராச்சும் இருக்கறீங்களா?" என்றார்.

ஒன்பது என்னுடையது:
ஜெயித்த குதிரையின் ரத்தம் எடுத்து
ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.
எந்த ஆய்வகம் என்று எழுதவில்லை.
கேட்டு மூன்று கடிதம் போட்டேன்.
"பார்த்துச் செய்யவும்" என
ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது.

சில்லறை
வெள்ளகோவிலில் ஐந்தாவது,
மூலனூரில் ஏழாவது,
குண்டடத்தில் கடைசி, அதுவும் ஏறக்குறைய நடந்து.
"பேருக்கேத்த குதிரைதானுங்க" என்று சிரித்தார்கள்.
அந்த மாசி ஞாயிறு
தாராபுரம் ரோட்டில் பொழுது கிளம்பும் முன்னால்
திருப்பூரிலிருந்து இரண்டு பனியன் அட்டைப்பெட்டி வந்தது.
சைஸ் எண்பத்தைந்து என்று போட்டிருந்தது.
ஒருவரும் அளவு பார்க்கவில்லை.

கொடி விழுந்தது.
பின்னால் நூறு பைக், பீப்பி,
கிளுவை வேலி இரண்டு பக்கமும் கலங்கி ஓட
திரும்புகிற டிரம்மை முதலில் சுற்றி வந்தது அது.
அம்மாசை சாட்டையைத் தொடவேயில்லை.
கயிறு அவன் மடியில் சும்மா கிடந்தது.

மறுநாள் டீக்கடைக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
ஊசி போட்டுட்டாங்க. கஞ்சா உருண்டை.
இல்லையில்லை, கோவையில் யாரோ டாக்டர்.
தோற்றவர்கள் மனு கொடுக்க, விசாரணைக் குழு அமைந்தது:
பொங்கியண்ணன், அவர் மச்சினர்,
கணக்குக்கு ஒரு வாத்தியார்.
மூவரும் வந்து என் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.
"ரத்தம் சொல்லுமுங்க" என்றார் வாத்தியார்.

சொல்லாது.
அன்று ஊசியைச் செருகும்போது அதன் கடைவாயைப் பார்த்தேன்.
இரண்டு பக்கமும் புண், தழும்பின்மேல் தழும்பு.
ஓடத் துடித்ததை மூன்று ஊரில்
கடிவாளத்தில் தொங்கி நிறுத்தியிருக்கிறார்கள்.
நான்காவதில் ஒன்றும் கொடுக்கவில்லை,
விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.
நான்கில் அந்த ஒரு ஓட்டம்தான் நிஜம்,
அதற்குத்தான் விசாரணை.
தோற்ற குதிரையிடம் யார் ரத்தம் எடுக்கிறார்கள்?
என் படிவத்தில்
எடை, வயது, கால், குளம்பு எல்லாம் உண்டு.
வாய்க்குக் கட்டமில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
அந்தப் புண்ணை நான் பார்த்தது முதல் முறையல்ல.
குண்டடத்தில் ஊதா மருந்து தடவியவன் நான்.
தடவிக் கை கழுவி
பஸ் ஏறி வந்து
மச்சினன் பேரில் ஐந்நூறு வைத்தேன்.
ஐயாயிரம் வந்தது. பையனுக்குப் பள்ளிக் கட்டணம் போக
மீதியில் ஒரு மிக்ஸி.

நேற்று அம்மாசை குதிரையோடு வந்திருந்தான்.
பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்குக் கைமாறிவிட்டதாம்.
"அங்கெ ஆருக்கும் இதத் தெரியாதுங்க,
மறுக்காவும் அஞ்சாவதுல இருந்து ஆரம்பிக்கோணும்."
ஓடத் தகுதி என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும்.
டாக்டர் வருவது வாரம் இரண்டு நாள்,
சீல் என் மேஜையில்தான் இருக்கும்.

வாசலில் கொழுக்கட்டைப்புல் ஒரு பிடி பறித்து நீட்டினேன்.
வாங்கி
இடது பக்கமாகவே மென்றது, நெடுநேரம்.
உள்ளே வந்து பேனாவைத் திறந்தேன்.
நிறம் என்ற இடத்தில்
செவலை என்று எழுதினேன்.